பராயமடையாத நிலக்கரி

இஸ்ஹாக் செய்த குற்றம் ஒன்றுதான். கவர்மெண்ட் கந்தோர் ஒன்றுக்குப் போய்க் கேள்வி கேட்டார்.

கேள்வியும் பெரிய கேள்வி இல்லை. நுரைச்சோலைக்கும் கண்டக்குழிக்கும் நடுவில், புத்தளம் களப்புப் பக்கம், அவர் குடும்பத்தோடு இருக்கிற இருபது பேர்ச் காணியில், ஆட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டினார். இரண்டு முழத்துக்கு மணல். அதற்குக் கீழே கறுப்பு. ஊறிய தும்பு மாதிரி, பிழிந்தால் சாயத் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வடிகிற கறுப்பு. எந்தக் காலத்துக் கண்டல் வேர்களோ, உக்காமல் அதற்குள் கிடந்தன. இந்த மண்ணில் தென்னை பிடிக்குமா என்று கேட்பதற்காக ஒரு கிலோ அளவு சொப்பிங் பேக்கில் கட்டிக்கொண்டு போனார்.

கந்தோரில் பதில் சொல்ல ஆள் இருக்கவில்லை. மேலே அனுப்ப ஆள் இருந்தது. மண் அங்கிருந்து இன்னொரு கந்தோருக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் பதினொரு கிழமையில் போய்ச் சேர்ந்தது. வழியில் எங்கேயோ கேள்வி தவறி விழுந்துவிட்டது. மண் மட்டும் போனது.

பன்னிரண்டாவது கிழமை வாசலில் ஜீப் நின்றது.

ஜீப் நிற்கிற சத்தம் இஸ்ஹாக்கின் காதுக்கு முன்னால் வயிற்றுக்குக் கேட்கும். தொண்ணூறாம் ஆண்டு, பதினொரு வயதில், மன்னார் முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது படகில் ஏற்றப்பட்டவர். எல்லாரும் நகையையும் உடுப்பையும் எடுத்தபோது அவர் பயத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட ஒரு சட்டையும் எடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாகியும், வாசலில் சீருடையோடு ஆள் வந்தால் எதைத் தூக்குவது என்றுதான் அவருடைய கண் முதலில் தேடும்.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் அஸாம். வண்ணாத்திவில்லு ஊர்ப் பிள்ளை, ஆணைக்குழு ஒன்றின் வெளிக்கள உத்தியோகத்தர்.

"பயப்பட ஒண்டுமில்ல நானா," என்றார் அஸாம்.

இஸ்ஹாக்குக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது.

"ஒங்கட காணிக்குள்ள பராயமடையாத ஒரு ஆள் இருக்கு."

"என்ட மகளுக்குப் பத்தொம்பது முடிஞ்சிட்டு, தம்பி."

"மகள் இல்ல நானா. நிலக்கரி."

இந்த இடத்தில் ஆணைக்குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டின் நிலக்கரியைப் பாதுகாப்பதற்காக இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னர் அமைக்கப்பட்டது. முதலாவது வருஷத்திலேயே நாட்டில் நிலக்கரி இல்லை என்பது தெரிந்தது. நூற்று நாற்பது ஊழியர்கள், ஆறு ஜீப், ஒரு கீதம், ஒரு கொடி. எல்லாரும் வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினார்கள். அப்போதுதான் பணிப்பாளர் அந்த மகத்தான கண்டுபிடிப்பைச் செய்தார்: நிலக்கரி இருக்கிறது, அதற்கு வயது போதாது. சதுப்பில் அமிழ்ந்த செடிகொடி உக்காமல் கறுத்துக் கிடந்தால் அது முற்றா நிலக்கரி. இன்னும் ஐந்து கோடி வருஷம் பொறுத்தால் அசல் நிலக்கரி ஆகிவிடும். அதுவரைக்கும் அது பராயமடையாதது. பராயமடையாதவருக்கு ஒரு பாதுகாவலர் வேண்டும். ஆணைக்குழுவின் பெயர் 'முற்றா நிலக்கரிப் பாதுகாவல் ஆணைக்குழு' என்று மாறியது. ஐந்து கோடி வருஷத்துக்கு வேலை உறுதியானது.

அஸாம் அறிவித்தலை ஆட்டுக் கொட்டில் தூணில் ஒட்டினார். தொண்ணூறு நாளில் காணியை விட்டு எழும்ப வேண்டும். சட்டம் வந்த இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக்கு முந்தியே குடியிருந்தவர் என்று நிரூபித்தால் மட்டும் எழும்பத் தேவையில்லை.

"நாங்க தொண்ணூத்தொம்பதாம் ஆண்டில இருந்து இருக்கிறம் தம்பி," என்று இஸ்ஹாக் உள்ளே ஓடிப் போய் ஃபைலோடு வந்தார். கிராம சேவகர் கடிதம், பழைய லைட் பில், இந்த விலாசத்தில் பதிந்த கலியாணப் பத்திரம். வாக்காளர் இடாப்பில் மட்டும் பெயர் இல்லை. மன்னாரில் கேட்டால் நீங்கள் புத்தளத்தார் என்றார்கள். புத்தளத்தில் கேட்டால் நீங்கள் மன்னாரார் என்றார்கள்.

அஸாம் ஃபைலைத் திறக்கவில்லை. "பத்திரமெல்லாம் ஆக்கள் எழுதுறது நானா. ஆணைக்குழு மண்ண மட்டுந்தான் நம்பும். ஒங்கட கக்கூஸ் குழிய எடுத்துச் சோதிப்பாங்க. ஸ்டெரோல் இருக்கா எண்டு."

இஸ்ஹாக் மகளைப் பார்த்தார். றுமானா ஏ.எல். உயிரியல் எடுத்துவிட்டு இரண்டாம் முறைக்குப் படிக்கிற பிள்ளை.

"கொலஸ்ட்ரோல் மாதிரிச் சாமான் வாப்பா. மரத்துக்கு ஒரு வகை, மிருகத்துக்கு ஒரு வகை. மனுசன்ட குடலுக்குள்ள கொலஸ்ட்ரோல் உடைஞ்சி கொப்ரொஸ்டனோலா மாறி வெளிய வரும். ஆட்டுக்கு அது வேற மாதிரி. காத்துப் படாத கறுப்பு மண்ணுக்குள்ள கிடந்தா கொஞ்சங் கொஞ்சமாத்தான் உடையும். எவ்வளவு உடைஞ்சிருக்கு எண்டு பார்த்தா எத்தின வருஷம் எண்டு சொல்லலாம்."

மனைவி பளீலா முந்தானையால் வாயைப் பொத்தினாள். "சீ! அதப் பார்க்கவா கொழும்பில இருந்து வாறாங்க?"

"வாற புதன்கிழமை பணிப்பாளரே வாறார் ராத்தா," என்று அஸாம் பெருமையோடு சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கதையில் நடந்த பெரிய பிழை இனித்தான் நடந்தது. அதைச் செய்தவள் பளீலா. பளீலாவின் வீட்டுக்கு இதுவரை வந்த ஆகப் பெரிய உத்தியோகத்தர் மீற்றர் வாசிக்கிற பொடியன். இப்போது கொழும்புப் பணிப்பாளர் ஒருவர் வருகிறார். வந்து முன்னறையையோ அலுமாரியையோ பார்க்கப் போவதில்லை, நேரே கக்கூசைப் பார்க்கப் போகிறார். சுத்தம் ஈமானில் பாதி என்று மார்க்கம் சொல்லும். மற்றப் பாதியையும் அவள் சேர்த்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை குழி உறிஞ்சுகிற பவுசர் வந்து கடைசிச் சொட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினாள். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இஸ்ஹாக், குழி வளையத்தின் உட்பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார். பக்கத்து வளவு யூஜீனியா, மீன் வாடி வைத்திருப்பவள், வேலிக்கு மேலால் வாசனை உருண்டை இரண்டு நீட்டினாள். "போடுங்க ராத்தா. துரைமாருக்கு மூக்கு மெல்லிசு."

றுமானா பின்னேரம் புத்தளத்திலிருந்து ரியூஷன் முடிந்து வந்தாள். வாசலிலேயே பிளீச்சிங் மணந்தது. புத்தகப் பையோடு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"உம்மா, எங்கட காணி உறுதிப் பத்திரத்த பவுசர்ல ஏத்தி அனுப்பிட்டீங்களா?"

புதன்கிழமை கூடாரம் வந்தது. நாற்பது கதிரை வந்தது. கக்கூசுக்கு முன்னால் ஆளுயரக் குத்துவிளக்கு வைத்தார்கள். குழியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் திரி கொளுத்த, இஸ்ஹாக் எல்லாக் கலிமாவையும் ஒரே மூச்சில் ஓதினார். வெடிப்பதற்குக் குழிக்குள் ஒன்றும் மிச்சமில்லை என்பதை அவர் அந்த நேரம் மறந்துபோனார். ஆணைக்குழுக் கீதம் பாடப்பட்டது. பிறகு பணிப்பாளர் எழுந்தார். வெள்ளை வெளேரென்ற உடுப்பு. கையில் வெள்ளிக் கரண்டி.

"அன்பார்ந்தவர்களே! மனிதன் பொய் சொல்வான். பத்திரத்தை மனிதன் எழுதுகிறான்; ஆகவே பத்திரமும் பொய் சொல்லும். ஆனால் ஒரு மனிதன் காலையில் விட்டுச் செல்வது பொய் சொல்லாது. இருபத்திரண்டு வருட சேவையில் நான் இந்த நாட்டு மக்களை ஒரு நாளும் நம்பியதில்லை. அவர்களுடைய கழிவை நம்பியிருக்கிறேன். அது என்னை ஒரு நாளும் கைவிட்டதில்லை."

கைதட்டினார்கள். அவர் கரண்டியை மேற்குப் பக்கம் நீட்டினார். அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு அப்பால், கடலில், நிலக்கரிக் கப்பல் ஒன்று நின்றது.

"அதோ, அந்தக் கப்பலில் வருவது வளர்ந்து முடிந்த நிலக்கரி. அந்நிய நிலக்கரி. இந்த ஆட்டுக் கொட்டிலுக்குக் கீழே உறங்குவது நம் சொந்தக் குழந்தை! அதன் மேல் ஒரு குடும்பம் குந்திக்கொண்டிருப்பது எந்தத் தர்மத்தில் சரி? இக்குழந்தை பராயமடையும் நாளில் நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீர்கள். மனித இனமே இல்லாமற் போகலாம். ஆணைக்குழு இருக்கும்."

குழிக்குள் இறங்கிய கரண்டி, வெள்ளையாக மேலே வந்தது. பணிப்பாளர் முகர்ந்து பார்த்துக் கண் கலங்கினார். "என் சேவைக்காலத்தில் இவ்வளவு சுத்தமான மலசலகூடத்தை நான் கண்டதில்லை." காணி போகப் போகிறதென்று மகள் சொல்லிச் சொல்லி அழுததை மறந்து, பளீலாவுக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தது.

கூரை போட்ட எல்லாக் கட்டடத்திலும் ஒரு கரண்டி எடுக்க வேண்டும் என்பது ஒழுங்குவிதி. ஆட்டுக் கொட்டிலுக்கும் கிடுகுக் கூரை இருந்தது. அங்கே கரண்டி கறுப்பாக வந்தது.

மூன்று கிழமையில் அறிக்கை வந்தது. அஸாம் முற்றத்தில் நின்று வாசித்தார்.

"கட்டடம் இலக்கம் ஒன்று: மனித ஸ்டெரோல் அறவே இல்லை. கட்டடம் இலக்கம் இரண்டு: இலையுண்ணிகளின் ஸ்டெரோல் ஏராளம், இருபத்தாறு வருட காலத்துக்குரிய ஒழுங்கான உடைவு காணப்படுகின்றது. முடிவு: இக்காணியில் ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தொடக்கம் ஆடுகள் நிரந்தரமாக வசித்து வருகின்றன. மனிதர் எவரும் வசித்ததில்லை."

ஐந்து ஆடுகளும் வேலியோரம் பலா இலை தின்றுகொண்டு நின்றன.

"அப்ப நாங்க ஆரு, தம்பி?" என்று கேட்டார் இஸ்ஹாக்.

அஸாம் அறிக்கையைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஒங்களப் பத்தி ஒண்டும் எழுதல்ல நானா."

இஸ்ஹாக் உள்ளே போய் அலுமாரிக் கண்ணாடியின் முன்னால் நெடுநேரம் நின்றார். ஆள் தெரிந்தது. ஆனாலும் அவருக்கு நெஞ்சு ஆறவில்லை. கண்ணாடியும் ஆணைக்குழு ஏற்றுக்கொள்ளாத பத்திரம்தானே.

மேன்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள் தந்தார்கள். இரண்டாம் கரண்டி அப்போது எடுக்கப்படும். போகும்போது அஸாம் ரகசியமாகச் சொன்னார்: "கொழுப்புச் சாமான் நல்லாச் சாப்பிடுங்க நானா. கணவாய், றால், முட்டை. அப்பதான் கரண்டில தெளிவா விழும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தின்பது காணிக்காக ஆனது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து முட்டை. யூஜீனியா வாடியிலிருந்து கணவாய் கொண்டு வந்து வேலியில் தொங்கவிட்டுக் கத்துவாள்: "இஸ்ஹாக் நானா! இண்டைக்கு ரெண்டு பேர்ச் கொண்டு வந்திருக்கன்!" வேறிடத்தில் ஒருவரும் கக்கூசுக்குப் போகக் கூடாதென்பது வீட்டுச் சட்டம். வண்ணாத்திவில்லில் கலியாண வீட்டுக்குப் போன இஸ்ஹாக், ஆறு பேர் சேர்ந்து தின்கிற புரியாணிச் சஹனில் வைத்த கையை எடுத்துக்கொண்டு, வேர்க்க வேர்க்க மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். றுமானா புத்தளத்தில் வகுப்பு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, பஸ்சில் ஒவ்வொரு ஸ்பீட் பிறேக்கருக்கும் கண்ணை மூடினாள்.

இஸ்ஹாக் ஏற்கனவே கொலஸ்ட்ரோல் குளிசை குடிக்கிறவர். இரண்டாம் மாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் பெண்பிள்ளை ரிப்போர்ட் துண்டைப் பார்த்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"முந்நூத்திப் பத்து. ஐயா, என்ன செய்றீங்க நீங்க?"

"காணி எடுக்கிறன், டொக்டர்."

"இதை இறக்காட்டி நெஞ்சு வெடிச்சிரும்."

"இறக்கினா வீடு போயிரும் டொக்டர். ஒரு கவர்மெண்ட் குறைக்கச் சொல்லுது, மற்றக் கவர்மெண்ட் கூட்டச் சொல்லுது. நான் ரெண்டுக்கும் பயம்."

படியேறினால் இடது தோள் இழுத்தது. அவர் வீட்டில் சொல்லவில்லை. பளீலாவுக்குத் தெரிந்தது; அவளும் சொல்லவில்லை. முட்டையை அவித்துத் தோல் உரித்து அவருக்கு முன்னால் வைக்கும்போது மட்டும் அவள் வாய்க்குள் ஏதோ ஓதி ஊதினாள்.

தொண்ணூறாம் நாள் கரண்டி இறங்கியது. ஒரு கிழமையில் ஆணைக்குழுவின் புத்தளக் கந்தோருக்கு மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். பணிப்பாளர் கதிரையிலிருந்து எழும்பி இஸ்ஹாக்கின் கையைக் குலுக்கினார்.

"வாழ்த்துக்கள்! மனித ஸ்டெரோல் கிடைத்திருக்கிறது. இவ்வளவு தரமான மாதிரி இந்த மாவட்டத்தில் கிடைத்ததே இல்லை. ஆய்வுகூடத்தில் எழுந்து நின்று கைதட்டினார்களாம்."

இஸ்ஹாக்குக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்."

"ஆனால், உடைவு இல்லை." பணிப்பாளர் உட்கார்ந்தார். "எல்லாம் புதிது. ஆகக் கூடியது தொண்ணூறு நாள். அதாவது, ஆணைக்குழு அறிவித்தல் ஒட்டியதற்குப் பிறகே நீங்கள் மூவரும் அக்காணிக்குள் புகுந்திருக்கிறீர்கள். பராயமடையாத ஒருவரின் காணிக்குள் அத்துமீறிப் புகுந்தது ஒரு குற்றம். இருபத்தாறு வருடமாக அமைதியாக வாழ்ந்து வரும் ஐந்து குடியிருப்பாளரின் வளவுக்குள் புகுந்தது இன்னொரு குற்றம்."

இஸ்ஹாக் கதிரையின் கையை இறுகப் பிடித்தார். இடது தோள் இழுத்தது.

பளீலா எழும்பினாள். "ஒங்களுக்கு உடைஞ்சதுதானே வேணும் சேர்? அப்ப இவரப் பாருங்க. பதினொரு வயசில படகில ஏத்தினதில இருந்து உடைஞ்சிக்கொண்டுதான் இருக்கிறார். முப்பத்தஞ்சு வருஷம். இவர்ல ஒரு கரண்டி எடுத்துப் பாருங்க!"

பணிப்பாளர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். "அம்மா, உணர்ச்சியை மதிக்கிறேன். மனிதரின் உடைவு எங்கள் அதிகார எல்லைக்குள் வராது. அதற்கு வேறொரு திணைக்களம் இருக்கிறது." கொஞ்சம் யோசித்தார். "இருந்தது."

பிறகு அவர் முகம் இளகியது. "ஆணைக்குழுவுக்கும் இதயம் உண்டு. அது பதினான்காம் பிரிவில் இருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பாளர் ஒருவர் தம்மைத் தாமே பராமரிக்க இயலாதவராக இருந்தால், தங்கிவாழ்வோர் சிலரைத் தம்மோடு வைத்துக்கொள்ளலாம். அஸாம், படிவத்தை எடும். குடும்பத் தலைவரின் பெயர்?"

"இஸ்ஹாக்—"

"உம்முடைய பெயர் இல்லை. குடியிருப்பாளரின் பெயர். ஆகவும் மூத்தது எது?"

இஸ்ஹாக் பளீலாவைப் பார்த்தார். பளீலா நிலத்தைப் பார்த்தாள். "பெரியவள்," என்றார் இஸ்ஹாக். "எட்டு வயசு. நாங்க பெரியவள் எண்டுதான் கூப்பிடுற."

"குடும்பத் தலைவி: பெரியவள்," அஸாம் எழுதினார். "தங்கிவாழ்வோர்: மூவர். தலைவிக்கு என்ன முறை, சேர்?"

"பணியாட்கள் என்று போடும். நிபந்தனை ஒன்றுதான், இஸ்ஹாக். தலைவி உயிரோடும் தேக சுகத்தோடும் அக்காணியில் வசிக்கும்வரை நீங்கள் மூவரும் இருக்கலாம். அவருக்கு ஏதும் நேர்ந்தால் புது விசாரணை."

"சேர், ஹஜ்ஜுப் பெருநாள் வருது..."

"ஆகவே?"

"ஒண்டுமில்ல சேர்," என்றார் இஸ்ஹாக் அவசரமாக. "நாங்க இந்த முறை குர்பானுக்கு ஆடு அறுக்கல்ல, மாட்டில ஒரு பங்கு எடுக்கிறம்."

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இஸ்ஹாக்கின் கையெழுத்து பெட்டிக்கு வெளியே போய்விட்டது. அஸாம் பெருந்தன்மையோடு பெட்டியைப் பெருப்பித்துக் கோடு போட்டார்.

பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். முட்டையில்லாமல், கணவாயில்லாமல், மூன்று மாதத்துக்குப் பிறகு பளீலா சோறும் பருப்பும் பொன்னாங்காணிச் சுண்டலும் வைத்தாள். காணி நின்றுவிட்டது. வீடு நின்றுவிட்டது. எழும்பச் சொல்லி இனி ஒருவரும் வர மாட்டார்கள். இஸ்ஹாக் பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் பிடியைப் பிசைந்தார்.

கொட்டிலில் பெரியவள் இருமியது.

மூன்று பேரின் கையும் சோற்றுப் பீங்கானில் நின்றது. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. இன்னொரு இருமல் வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, சோறு ஆற ஆற, அப்படியே இருந்தார்கள்.